பச்சைப் பெட்டியும் மஞ்சள் பெட்டியும்

சாக்லேட் சாப்பிடக் கூடாதவர் சாக்லேட்டைப் பற்றி எதற்குப் புத்தகம் எழுத வேண்டும் என்று என் மருத்துவர் கேட்டார். சமையல்காரர் தான் சமைத்ததையெல்லாம் தானே சாப்பிடுகிறாரா என்று திருப்பிக் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. இன்சுலின் பேனா ஐந்து எழுதிக்கொடுத்து, வெயிலில் வைக்காதீர்கள், பனிக்கட்டிக்குள்ளும் வைக்காதீர்கள் என்று இரண்டு முறை சொல்லி அனுப்பினார்.

நான் பொள்ளாச்சிக்காரன். வணிகச் செய்தியாளனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓய்வுக்குப் பிறகு எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு சண்டை. அதுவும் என்னுடையதல்ல, இரண்டு பெரிய சாக்லேட் கம்பெனிகளுடையது. பெயர்களை எழுத வேண்டாம் என்று என் வக்கீல் சொல்லியிருக்கிறார். ஒருவருடைய உறை பச்சை, மற்றவருடையது மஞ்சள். அது போதும். பச்சைக்காரர் ஒரு முந்திரியைச் சேர்த்தால் மஞ்சள்காரர் இரண்டைச் சேர்ப்பார். மஞ்சள்காரர் விலையை ஏற்றாமல் எடையைக் குறைத்தால், பச்சைக்காரர் கட்டிகளின் ஓரத்தைச் சீவிவிட்டு அதே நீள உறையில் போடுவார். நான் இருவரையும் நிறுத்துப் பார்த்திருக்கிறேன்.

ஐந்து அத்தியாயங்கள் முடிந்துவிட்டன. ஆறாவது, வெயில் நாடுகளைப் பற்றியது. வெயில் நாட்டில் சண்டை குளிர்பெட்டிக்காகத்தான். கம்பெனி கடைக்காரருக்குக் கண்ணாடிக் கதவு போட்ட பிரிட்ஜ் ஒன்றை இலவசமாகக் கொடுக்கும். அதற்குள் அந்தக் கம்பெனியின் சாக்லேட்டைத் தவிர வேறெதுவும் இருக்கக் கூடாது. மேற்பார்வையாளர் சொல்லாமல் வருவார். வேறு ஒரு தயிர்ச்சட்டி இருந்தாலும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். கொழும்பில் ஒரு மொத்த வியாபாரி என்னிடம் சொன்னார்: “வவுனியாவுக்கு அங்கால போய்ப் பாருங்கோ ஐயா. சண்டை அங்கதான் கொதிக்குது.”

அதனால்தான் வன்னிக்குப் போனேன். நான் இறங்கிய சந்தியின் பெயரை மட்டும் எழுதப்போவதில்லை. நெடுங்கேணிக்குப் போகிற வழியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். காரணம் போகப்போகத் தெரியும்.

வவுனியாவில் காலை உணவு இடியாப்பம். எங்கள் ஊரில் மூன்று வைத்தாலே தட்டு நிறைந்துவிடும். இங்கே உள்ளங்கை அகலத்தில் பத்து வைத்தார்கள். மஞ்சள் நிறத்தில் ஒரு தேங்காய்ப்பால் சொதியும், கண்ணில் நீர் வரவைக்கும் சம்பலும் கூட வந்தன. சீனி இல்லாமல் தேநீர் கேட்டேன். பரிமாறியவர் என்னை மேலும் கீழும் பார்த்து, “சீனி இல்லாமலோ? கோயில் நேத்திக்கடனோ ஐயா?” என்றார். நீரிழிவு என்றேன். “அப்ப ஏழு இடியப்பம் காணும்” என்று மூன்றை அவரே எடுத்துக்கொண்டு போனார். அவருடைய கணக்கு எனக்குப் பிடித்திருந்தது.

பேருந்து தனியார் பேருந்து. பாட்டு ஒலித்த ஒலிப்பில் ஜன்னல் கண்ணாடி நடுங்கியது. கூட்டம் ஏற ஏற, என் குளிர்ப்பையை மடியில் வைத்து இரண்டு கைகளாலும் அணைத்துக்கொண்டேன். நடத்துநர் ஒல்லியான மனிதர். தொங்கிக்கொண்டே வந்தவர், “உதை இஞ்ச தாங்கோ ஐயா, முன்னுக்கு வைக்கிறன். என்ன உள்ளுக்கு?” என்றார்.

“இன்சுலின். வெயில் படக்கூடாது. இஞ்சின் பக்கமும் வைக்கக் கூடாது.”

“உது எங்களுக்குத் தெரியாததோ!” என்று வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தேன். முன்னால் நின்ற ஒருவரின் தோளும் ஒரு பப்பாளிச் சாக்கும் மறைத்தன.

கவலையை மறக்க வழியிலிருந்த கடைகளை எண்ணினேன். ஏ-ஒன்பது சாலையைவிட்டுத் திரும்பும்வரை பச்சைப் பெட்டி பதினான்கு, மஞ்சள் பதினொன்று. அதன் பிறகு காடு. காட்டில் எண்ணுவதற்கு மயில்தான் இருந்தது. அதுவும் அத்தியாயத்துக்கு உதவாது.

சந்தியில் பின்கதவால் இறங்கினேன். வண்டி புறப்பட்டது. எதிரெதிரே இரண்டு கடைகள். ஒன்றில் பச்சைப் பெட்டி, மற்றதில் மஞ்சள் பெட்டி. ஒரு சாலை அகலத்தில் உலகத்தின் இரண்டு பெரிய கம்பெனிகளும் முகத்துக்கு முகம் நின்றன. இப்படி ஒரு காட்சிக்காகத்தானே கடல் தாண்டி வந்தேன்! சந்தோஷத்தில் பையை மறந்துவிட்டேன்.

பச்சைக் கடையின் சொந்தக்காரி சரோஜா. நாற்பத்தைந்து வயதிருக்கும். காதில் பென்சில் செருகியிருந்தார். நான் நேரே பெட்டியின் முன்னால் போய் நின்று, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு எண்ணத் தொடங்கினேன். மேல்தட்டில் பெரிய கட்டி ஒன்பது. அடுத்த தட்டில் சின்னது இருபத்துமூன்று. கண்ணாடியின் கீழ்ப்பாதியை ஒரு பெரிய விளம்பரத்தாள் மறைத்திருந்தது.

“கீழ்த்தட்டில் எத்தனை இருக்கிறது?” என்றேன்.

சரோஜாவின் முகம் மாறியது. “கீழ ஒண்டுமில்லை ஐயா. வெறுந்தட்டு. இருங்க, கதிரை போடுறன். சோடா குடிக்கிறீங்களா?”

“வேண்டாம். எதிர்க்கடையையும் பார்க்க வேண்டும்.”

“ரெண்டையுமா?” என்று கேட்டார். காதிலிருந்த பென்சிலை எடுத்து மறுபடி செருகினார். நான் அதைப் பொருட்படுத்தவில்லை.

மஞ்சள் கடை அந்தோனி என்பவருடையது. முல்லைத்தீவுக் கடற்கரையில் மீன்பிடித்துவிட்டு, மனைவியின் ஊர் என்பதால் இங்கே வந்து கடை போட்டவர். பெரிய மீசை. அங்கேயும் எண்ணினேன். பெரியது ஏழு, சின்னது முப்பது. அங்கேயும் கீழ்ப்பாதியில் ஒரு விளம்பரத்தாள். நான் குனிந்தபோது அவர் என் முன்னால் வந்து நின்று, கடலைப் பற்றிப் பேசத் தொடங்கினார். சுறா, புயல், சூடை மீன், மறுபடியும் சுறா. நல்ல பேச்சுக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

பகல் உணவு வேளை வந்தது. ஊசி போட்டுக்கொண்டு சாப்பிடலாம் என்று பையைத் தேடினேன். தோள்பை இருந்தது. குளிர்ப்பை இல்லை.

ஐந்து பேனாக்களும் பேருந்தோடு நெடுங்கேணிப் பக்கம் போய்க்கொண்டிருந்தன. இஞ்சினுக்குப் பக்கத்திலோ, வெயில் விழும் கண்ணாடிக்கு அடியிலோ, யார் கண்டது. பக்கத்தில் மருந்துக்கடை கிடையாது. என் சர்க்கரை ஒருமுறை ஏறி நான் விழுந்திருக்கிறேன். அது என் வீட்டிலிருந்து மூன்றாவது தெருவில் ஆஸ்பத்திரி உள்ள ஊரில்.

“என் பை பஸ்ஸோடு போய்விட்டது. அதில் என் இன்சுலின் இருக்கிறது” என்றேன் அந்தோனியிடம்.

அவர் சாலைக்கு எதிரே பார்த்தார். சரோஜா வாசலில் நின்று மெதுவாகத் தலையை இடமும் வலமும் ஆட்டினார். அந்தோனி என் பக்கம் திரும்பினார். “இன்சுலினோ? அது என்ன சாமான் ஐயா?”

“சர்க்கரை நோய்க்குப் போடுகிற ஊசி மருந்து.”

“அப்பிடி ஒண்டு இந்தப் பக்கத்தில ஒருத்தரும் பாவிக்கிறேல்லை. எங்கட சனம் நல்ல சுகம். குரக்கன் தின்னுற சனம்.”

சரோஜாவும் வந்து சேர்ந்தார். “ஓம் ஐயா. கேள்விப்பட்டதே இல்லை.”

கடை வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்த இரண்டு பேரும் கேள்விப்பட்டதில்லை என்றார்கள். ஒரு சந்தி முழுக்க இன்சுலின் என்ற சொல்லையே அறியாமல் இருப்பது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. பொள்ளாச்சியில் என் தெருவில் மட்டும் பதினோரு பேர் ஊசி போடுகிறோம். நான் உட்கார்ந்தேன். வாய் உலர்ந்தது. பயத்தாலா, சர்க்கரையாலா என்று தெரியவில்லை. வவுனியாவுக்குத் திரும்புகிற பேருந்து எப்போது என்று கேட்டேன். அதை மட்டும் மிக விரைவாகச் சொன்னார்கள். போய்விட்டால் போதும் என்று அவர்கள் நினைத்தது இப்போது புரிகிறது.

அப்போது ஒரு டிராக்டர் வந்து நின்றது. சேறு உலர்ந்த கால்களோடு ஒருவர் குதித்து இறங்கி, இறங்கும்போதே கத்தினார்: “சரோஜாக்கா, என்ர ஊசி மருந்தைத் தாங்கோ. கெதியா. வயலில ஆக்கள் பாத்துக்கொண்டு நிக்கினம்.”

வாங்கில் இருந்த ஒருவர் இருமினார். அந்தோனி, “டேய் யோகன், உனக்கென்ன ஊசி? நீ என்ன கோழியோ?” என்றார்.

“என்ன அண்ணை விளையாடுறியள்? சாப்பாட்டுக்கு முன்னம் போட வேணும்.”

“அந்த ஆள் கொம்பனி ஆள்” என்று சரோஜா பல்லிடுக்கில் சொன்னது எனக்கே கேட்டது.

எனக்கு மெல்ல வெளிச்சமாயிற்று. நான் எழுந்தேன். பேசிப் புரியவைக்க முடியாது என்று தோன்றியது. கம்பெனி ஆள் எதைத்தான் பேசமாட்டார்? சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினேன். இடது பக்கம் சிவப்புப் புள்ளிகள், வலது பக்கம் சிவப்புப் புள்ளிகள், தொப்புளைச் சுற்றி இன்னும் சில. எழுபது கடந்த மனிதன் சந்தியில் நின்று செய்கிற காரியமல்ல. ஆனாலும் செய்தேன்.

யோகன் குனிந்து கிட்டப் பார்த்தார். தன் பனியனையும் தூக்கினார். அதே புள்ளிகள். “அண்ணை, இவர் எங்கட ஆள்” என்றார்.

அந்தோனி மீசையைத் தடவிக்கொண்டு சரோஜாவைப் பார்த்தார். “சொக்லேட் கொம்பனி ஆள் இப்பிடி வேஷம் போட ஏலாது, பிள்ளை. எடுத்துக்கொண்டு வா.”

சரோஜா உள்ளே போகவில்லை. கடைக்குப் பின்னால் இருந்த கிணற்றுக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். கப்பியில் ஒரு கயிறு இறுக்கமாகக் கட்டியிருந்தது. அவர் இழுத்தார். அடியிருட்டிலிருந்து மூடிபோட்ட ஒரு பெரிய பிளாஸ்டிக் வாளி மேலே வந்தது. தண்ணீரைத் தொடாமல், தண்ணீருக்கு ஒரு முழம் மேலே தொங்கவிட்டிருந்தார்கள். மூடியைத் திறந்தார். உள்ளே சின்னச் சின்னப் பெட்டிகள், எண்ணினேன், பதினாறு. ஒவ்வொன்றிலும் வெள்ளைப் பிளாஸ்டர் ஒட்டிப் பெயர் எழுதியிருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே என் நீல நிறக் குளிர்ப்பை.

நான் அங்கேயே கிணற்றுக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன். பையைத் திறந்தேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. தொட்டுப் பார்த்தேன். வெளியே தார் உருகும் வெயில், பேனா மண்பானைத் தண்ணீர்போல் சில்லென்று இருந்தது. அந்தக் குளிர்ச்சி உள்ளங்கையிலிருந்து நெஞ்சுவரை போயிற்று.

அதன் பிறகுதான் எல்லாம் சொன்னார்கள். காட்டோரத்து வீடுகளில் பிரிட்ஜ் கிடையாது. சில வீடுகளில் மின்சாரமும் கிடையாது. ஆகவே இந்தப் பக்கத்தின் இன்சுலினெல்லாம் சாக்லேட் பெட்டியின் கீழ்த்தட்டில், விளம்பரத்தாளுக்குப் பின்னால் இருக்கிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வரும் மருந்தை நடத்துநர் முன்கதவால் சரோஜாவின் கையில் கொடுத்துவிட்டுப் போவார். இன்சுலின் என்று நான் சொன்னதும் என் பையையும் அப்படியே கொடுத்திருக்கிறார். நான் பின்கதவில் என் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன்.

“பச்சைக்காரன் வாறான் எண்டால் எல்லாத்தையும் அந்தோனியண்ணைட மஞ்சளுக்குள்ள வைப்பம்” என்றார் சரோஜா. “மஞ்சள்காரன் வந்தா எல்லாம் இங்க வந்திரும். நீங்க ரெண்டையும் எண்ணினீங்க. ரெண்டு கொம்பனியும் சேந்து அனுப்பின ஆள் எண்டு நினைச்சுட்டம். அதுதான் அண்ணை உங்களோட கதைக்கிற நேரம் பாத்து எல்லாத்தையும் கிணத்துக்குள்ள இறக்கினன்.”

“உங்களுக்குள் போட்டி இல்லையா?” என்று கேட்டேன். ஐந்து அத்தியாயம் எழுதியவன் கேட்கத்தானே வேண்டும்.

“ஏன் இல்லை?” என்றார் அந்தோனி. “இவ என்ர வாடிக்கை முழுக்கப் பிடிச்சுப்போட்டா. பயங்கரமான பொம்பிளை.”

“அண்ணை கடன் குடுத்துக் கெட்டார். நான் என்ன செய்ய?” என்றார் சரோஜா.

அன்றிரவு அந்தோனியின் வீட்டில் தங்கினேன். அவர் மனைவி மேரியும் ஊசிக்காரர். “எங்கட வீட்டில இண்டைக்கு ரெண்டு வயிறு, ரெண்டு ஊசி, ஒரு புட்டு” என்றார் அந்தோனி. குரக்கன் புட்டும் குளத்து விரால் குழம்பும். எங்கள் ஊரில் இதே கேழ்வரகைக் களியாகக் கிண்டி உருண்டை பிடிப்போம். விழுங்குவதற்கு முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இது தானாகப் போயிற்று. மேரி இரண்டாம் முறை வைத்தபோது, “அவரை எண்ண விடுங்க, பிறகு வைங்க” என்று சரோஜா சிரித்தார். அவரும் விருந்துக்கு வந்திருந்தார்.

சரோஜாவின் அப்பா மலையகத்தில், மாத்தளையில் கொக்கோத் தோட்டத்தில் காய் உடைத்தவர். தமிழர்மீது நடந்த கலவரத்துக்குப் பிறகு குடும்பத்தோடு வன்னிக்கு வந்து காடு வெட்டி விவசாயம் செய்தார். பச்சைப் பெட்டி வந்த அன்று மகள் ஒரு துண்டு சாக்லேட் கொடுத்தாராம். வாயில் போட்டுக் கொஞ்ச நேரம் வைத்திருந்துவிட்டு, “இதுக்கா அம்புட்டுக் காய் ஒடச்சேன்?” என்று கேட்டாராம். என் ஐந்து அத்தியாயங்களிலும் இப்படி ஒரு வரி இல்லை.

சரோஜா போன பிறகு அந்தோனி குரலைத் தாழ்த்தினார். “ஐயா, ஒரு கதை. மேரின்ர மருந்தை மட்டும் நான் எப்பவும் பச்சைக்குள்ள, பின்மூலையிலதான் வைக்கிறது. மஞ்சள் கொஞ்சம் நொண்டி. பச்சை நல்ல குளிர். எழுதிப்போடாதேங்கோ. மஞ்சள்காரன் அறிஞ்சா நான் துலைஞ்சன்.”

மறுநாள் காலை நான் சரோஜாவின் கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது அவருடைய தொலைபேசி அடித்தது. புளியங்குளத்துக் கடைக்காரர். “பச்சை வெளிக்கிட்டிட்டுது” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். பச்சைக் கம்பெனி மேற்பார்வையாளர் அங்கிருந்து புறப்பட்டுவிட்டாராம்.

சரோஜா பேசின் ஒன்றை எடுத்து, கிணற்றிலிருந்து மறுபடி கீழ்த்தட்டுக்கு வந்திருந்த மருந்துகளை அதில் அள்ளினார். மேலே ஒரு துண்டைப் போட்டு என்னிடம் தந்தார். “நீங்க கொண்டு போங்க ஐயா. வயசான ஆள் பேசினோட போனா ஒருத்தரும் பாக்கமாட்டினம்.” நான் சாலையைக் கடந்தேன். வாழ்நாள் முழுக்கக் கம்பெனி இரகசியங்களைத் தேடி அலைந்தவன், கம்பெனிக்குத் தெரியக்கூடாததைக் கையில் ஏந்திக்கொண்டு போனேன்.

அந்தோனி மஞ்சள் பெட்டிக்குள் அடுக்கினார். நான் எண்ணினேன். என் பையைச் சேர்க்காமல் பதினைந்து.

“நேற்று வாளியில் பதினாறு இருந்தது” என்றேன்.

“விடுங்கோ, ஆரும் எடுத்துக்கொண்டு போயிருப்பினம்.”

“இன்று காலை யாரும் வரவில்லை. நான்தானே அங்கே உட்கார்ந்திருந்தேன்.”

அவர் ஒவ்வொரு பெயராகப் பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். “மேரி” என்றார். “மேரின்ர இல்லை.”

சரோஜாவின் வாசலில் மோட்டார் சைக்கிள் ஒன்று நின்றது. பச்சைச் சட்டை போட்ட ஓர் இளைஞர் தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

அந்த ஒரு பெட்டி அகப்பட்டால் பச்சைப் பெட்டி போய்விடும். மஞ்சள் நொண்டியென்று அந்தோனியே சொல்லிவிட்டார். பதினாறு பேரின் மருந்துக்கு மிஞ்சுவது ஒரு கிணறுதான். நான் ஓடவில்லை, என் முழங்கால்கள் ஓடுவதில்லை. ஆனால் இந்த வருடத்தில் நான் நடந்த மிக வேகமான நடை அது.

“அம்மா, எனக்குச் சாக்லேட் வேண்டும்” என்று சொல்லிக்கொண்டே அந்த இளைஞருக்கும் பெட்டிக்கும் நடுவில் புகுந்து, கதவைத் திறந்து குனிந்தேன். கீழ்த்தட்டின் பின்மூலையில் கை நுழைத்தேன். அட்டையின் முனை விரலில் பட்டது. மேல்தட்டிலிருந்து இரண்டு பெரிய கட்டிகளை எடுத்து, அந்த அட்டைப்பெட்டியை அவற்றின் அடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்தேன்.

“ஐயா இந்தியாவோ?” என்றார் இளைஞர். நல்ல பிள்ளை. பல் முழுக்கத் தெரியச் சிரித்தார்.

“ஆமாம்.”

“சந்தோசம். வாங்கிற ஆக்களிட்ட ஒரு கேள்வி கேக்கச் சொல்லி இருக்கு. முன்னுக்கு மற்றக் கொம்பனியும் இருக்கு. அதை விட்டிட்டு ஏன் எங்கடையை எடுத்தனீங்கள்?”

இந்தக் கேள்வியை நான் எத்தனை இயக்குநர்களிடம் கேட்டிருப்பேன்! பால் என்பார்கள், பாரம்பரியம் என்பார்கள், வாடிக்கையாளரின் நம்பிக்கை என்பார்கள். ஒருவர் ஒரு மணி நேரம் பதில் சொன்னார். என்னிடம் யாரும் கேட்டதில்லை. இரண்டு சாக்லேட்டுக்கும் அடியில் மேரியின் மருந்து என் உள்ளங்கையைக் குளிரச் செய்துகொண்டிருந்தது.

“குளிராக இருக்கிறது” என்றேன்.

அவர் கைப்பேசியில் தட்டினார். “வேற?”

“வேறொன்றுமில்லை தம்பி. நன்றாகக் குளிர்கிறது.”

சரோஜா அலுமாரிப் பக்கம் திரும்பிச் சோப்புக்கட்டிகளை அடுக்கத் தொடங்கினார். தோள்கள் குலுங்கின. இளைஞர் குனிந்து, டார்ச் அடித்துக் கீழ்த்தட்டைப் பார்த்தார். வெறுந்தட்டு. “வடிவா வச்சிருக்கிறியள் அக்கா” என்று ஒரு புதிய விளம்பரத்தாளைக் கொடுத்தார். பழையதைவிடப் பெரியது.

நான் சாலையைத் திரும்பக் கடந்தேன். அந்தோனி அட்டையை வாங்கிப் பெயரைப் பார்த்தார். நெற்றியிலிருந்து தோள்வரை சிலுவை போட்டுக்கொண்டார்.

மாலைப் பேருந்து வந்தபோது அதே நடத்துநர் தொங்கிக்கொண்டு வந்தார். இரண்டு சாக்லேட்டையும் அவரிடம் கொடுத்தேன். உருகுவதற்கு முன் தன் பிள்ளைகளிடம் சேர்த்துவிட வேண்டும் என்று சட்டைக்குள் போடப் போனவர், யோசித்துச் சரோஜாவின் பெட்டியிலேயே வைத்துவிட்டு வந்தார்; கடைசி நடையில் எடுத்துக்கொள்வாராம். பிறகு, குளிர்ப்பையோடு ஏறி உட்கார்ந்திருந்த என் மடியைப் பார்த்தார்.

“உதை இஞ்ச தாங்கோ ஐயா, முன்னுக்கு வைக்கிறன்.”

கொடுத்தேன். எண்ணிப் பார்க்காமல் கொடுத்தேன்.